ஆயில் மாற்றியபின் சிவப்பு விளக்கு எரிந்தால்: மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பக்கத்து வண்டிகளுக்கு ஓய்வு குறைவு. விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறிவிடும். கார்கள் குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் என்று ஒரே நாளில் இரண்டு முறைகூட மலை ஏறி இறங்கும். அதனால் ஆயில் மாற்றுவதையும் கிடைத்த இடைவெளியில், கடை அடைக்கும் நேரத்து அவசரத்தில் முடித்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே மலைக்கு விட்டுவிடுகிறோம். அந்த முதல் ஏற்றத்தில் மீட்டரில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது, எதை முதலில் பார்ப்பது, எப்போது மெக்கானிக்கை அழைப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இன்ஜினில் ஆயில் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால், பழுது பெரும்பாலும் அந்த வேலையில் கை பட்ட இடங்களில்தான் இருக்கும். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட், ஆயில் பில்டர், ஊற்றிய ஆயில், பில்டருக்குப் பக்கத்தில் ஓடும் ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயர். ஆயில் பம்ப் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு.

அந்த விளக்கு எதைச் சொல்கிறது

எண்ணெய்க் குடுவையும் அதன் மூக்கில் ஒரு சொட்டும் போட்ட சிவப்பு விளக்கு, இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆயிலுக்கு அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டுகிறது. இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அழுத்தம் சுமார் 0.2 முதல் 0.5 பார் வரை, அதாவது 3 முதல் 7 பிஎஸ்ஐ என்ற அளவுக்குக் கீழே போனால் அது விளக்கை எரிய வைக்கும். நன்றாக உள்ள இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் சுமார் 1 பார் காட்டும். ஓட்டத்தில் 3, 4 பார் வரை போகும். ஆகவே விளக்கு எரிகிறது என்றால் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பொருளில்லை, கிட்டத்தட்ட அழுத்தமே இல்லை.

இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலம்தான் இரும்பை இரும்போடு உரசவிடாமல் தாங்குகிறது. படலம் போனால் பேரிங் தேய்வதற்கு ஒரு ஏற்றம் முழுக்கத் தேவையில்லை, ஒரு நிமிடத்துக்குள்ளேயே காயம் பட்டுவிடும். டர்போ உள்ள டீசல் வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும் இதே ஆயிலில்தான் மிதக்கிறது.

மஞ்சள் நிற விளக்கு வேறு. சில கார்களில் குடுவைப் படத்துக்குக் கீழே அலை போட்ட மஞ்சள் விளக்கு ஆயில் அளவு குறைந்ததைக் காட்டும். ஸ்பானர் படம் வந்தால் அது சர்வீஸ் நினைவூட்டல். ஆயில் மாற்றியவர் அதை ரீசெட் செய்ய மறந்திருப்பார், வண்டியை ஓட்டலாம். சிவப்புக் குடுவைக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

முதல் வேலை: இன்ஜினை நிறுத்துவது

ஆயில் மாற்றிய பிறகு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு சில விநாடி எரிவது இயல்பு. புது பில்டர் காலியாக இருக்கிறது. பம்ப் அதை நிரப்பிய பிறகுதான் மேலே அழுத்தம் வரும். மூன்று, நான்கு, ஐந்து விநாடி ஆகலாம், மேலே டேப்பெட் பக்கம் லேசாகத் தட்டும் சத்தமும் கேட்கலாம். எண்ணிக்கொண்டே இருங்கள். பத்து விநாடி தாண்டியும் விளக்கு அணையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆயில் சீக்கிரம் ஏறும் என்று நினைத்து இன்ஜினை உறும வைக்கவே கூடாது. காய்ந்த பேரிங்கை வேகமாகச் சுற்றவிடுவது அது.

ஓடிக்கொண்டிருக்கும்போது மலையில் விளக்கு எரிந்தால் நிலைமை வேறு. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். குமுளி ஏற்றத்திலும் நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது. இன்டிகேட்டர் போட்டு, வளைவு முடிந்து பின்னால் வருபவருக்குத் தெரியும்படி இருக்கும் முதல் அகலமான இடத்தில் ஒதுங்கி, உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அந்த நூறு, இருநூறு அடிக்கு வேண்டிய அளவு மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஏற்றத்தில் நின்றால் முதல் கியரிலும் இறக்கத்தில் நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட வேண்டும். இருட்டில் இரண்டு சக்கர வண்டியில் வருபவர்களை அந்தக் கற்கள்தான் கீழே தள்ளுகின்றன.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. குமுளியில் இருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை இறக்கம்தானே, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்ற எண்ணம் இங்கே பலருக்கும் வரும். வேண்டாம், கட்டாயம் வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. இரண்டு, மூன்று தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியர் பிடிப்பும் இல்லாமல் முழு எடையும் பிரேக்கின் மேல் விழும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமலும் போகும். ஒரு இன்ஜினைக் காப்பாற்ற வண்டியில் இருப்பவர்களின் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ரெக்கவரி வண்டியை அழையுங்கள். நிற்கும் இடத்தில் சிக்னல் இல்லை என்றால் மேலே ஏறும் ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள். இந்தப் பாதையில் கை காட்டினால் நிற்காத டிரைவர் அபூர்வம்.

இரண்டாவது: ஆயில் அளவு

ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள், ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்கு இறங்கட்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, சுத்தமான துணியில் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். வண்டி சரிவில் நின்றால் இந்த அளவு பொய் சொல்லும். மூக்கு மேலே நிற்கும் வண்டியில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும். ஆனாலும் ஸ்டிக்கில் துளிகூட ஒட்டவில்லையா, அல்லது மேல் கோட்டைத் தாண்டி நெடுக நனைந்திருக்கிறதா என்பது சரிவிலும் தெரிந்துவிடும். இப்போதைக்கு அது போதும்.

துளியும் இல்லை என்றால் இரண்டே வழிதான். ஊற்றவே இல்லை, அல்லது ஊற்றியது வெளியே போய்விட்டது. கீழே குனிந்து பாருங்கள். வந்த வழியில் தார் ரோட்டில் ஈரக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஒரு கேன் வாங்கி ஊற்றிக் கிளம்புவது பணத்தையும் இன்ஜினையும் சேர்த்து இழப்பதுதான். ஒழுகலை நிறுத்திய பிறகே ஊற்ற வேண்டும்.

கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், வளைவுகளிலும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும் விளக்கு மினுக்கியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு ஓரத்துக்கு ஓடிவிட, பம்ப்பின் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம். தேனி ரோட்டில் சமமாக ஓடும்போது தெரியாத குறை மலையில் தெரிந்துவிடும்.

மேல் கோட்டைத் தாண்டி வெகுவாக ஏறியிருந்தால் அதுவும் நல்லதில்லை. சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் நிற்காது. இங்கே இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். சில கார்களில் கியர் பாக்ஸின் டிரெயின் போல்ட்டும் இன்ஜினின் டிரெயின் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழக்கமில்லாத கை கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் பழைய ஆயிலின் மேலேயே புது ஆயிலை ஊற்றிவிடும். பெட்ரோல் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே ஸ்டிக்கில் கறுப்பு ஆயில் வழிந்தால் இதை நினைத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இப்படி நடந்திருந்தால் கியர் பாக்ஸ் காய்ந்து கிடக்கிறது. அந்த வண்டியை ஓட்டியும் போகக் கூடாது, ஓட்டும் சக்கரம் தரையில் பட இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. தூக்கி ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஸ்டிக்கில் வரும் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வேறு பழுது, அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது: பில்டரும் டிரெயின் போல்ட்டும்

அளவு சரி, அல்லது குறைந்ததற்குக் காரணம் தேட வேண்டும் என்றால் கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வேண்டும், இல்லாவிட்டால் மெக்கானிக்கின் குழிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆயில் மாற்றிய பிறகு வரும் ஒழுகலில் மிகவும் கெட்டது இரட்டை சீல். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது பில்டரை அதன் மேல் முறுக்கினால், இரண்டு ரப்பரும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து முதலில் பிடித்தது போலவே இருக்கும். ஐடிலிங்கில் ஒழுகாது. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறி அழுத்தம் கூடியதும் ஒரு ஓரம் பிதுங்கி, உள்ளே இருக்கும் ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் ரோட்டில் கொட்டிவிடும். பில்டரைச் சுற்றி ஈரம் இருந்தால் கழற்றி, இன்ஜின் பக்கத்து முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமாகத் துடைத்து, புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் முறுக்குங்கள். ரப்பர் முகத்தில் பட்ட பிறகு சுமார் முக்கால் சுற்று போதும். பில்டரின் மேலேயே எவ்வளவு சுற்று என்று அச்சடித்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

டப்பாவுக்குள் காகித பில்டரை மட்டும் மாற்றும் வகை இன்ஜின்களில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. மூடியின் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், தவறான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கலாம். நடுத்தண்டில் இருக்கும் சின்ன ஓ-ரிங்கைப் போடாமலே விட்டிருக்கலாம். பழைய பில்டரோடு அது குப்பைக்குப் போயிருக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் ஆயில் மேலே போக வேண்டிய பாதையை விட்டுக் குறுக்கு வழியில் சம்ப்புக்கே திரும்பிவிடும். அளவும் சரி, ஒழுகலும் இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் இந்த வகை வண்டியில் முதலில் இதைத்தான் திறந்து பார்ப்பேன்.

பில்டரின் நம்பரையும் ஒப்பிடுங்கள். மரை ஒத்துப்போகிறது என்பதால் பில்டர் பொருந்திவிட்டது என்று ஆகாது. இன்ஜின் நின்றதும் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளே இருக்க வேண்டும். போலியான, மலிவான பில்டர்களில் அது இருக்காது, இருந்தாலும் நிற்காது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் பில்டரை மாற்றிப் பாருங்கள்.

டிரெயின் போல்ட்டில் பார்க்க வேண்டியது வாஷர். செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒரு தடவை நசுங்கிய பிறகு அடுத்த தடவைக்குச் சரியாகப் பிடிக்காது. புதிது போடுங்கள். ஒழுகுகிறதே என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும். பல சின்ன கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. ஆயிலை மறுபடி வடிக்க நேர்ந்தால் வடித்ததை ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் நெல் முல்லையாற்றுத் தண்ணீரில் விளைகிறது. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

அடியில் இருக்கும்போதே சம்ப்பையும் ஒரு தடவை பாருங்கள். தோட்டத்து மண் பாதையில் கல் அடித்திருக்கலாம், அல்லது ஆயில் மாற்றியவர் சம்ப்புக்கே ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கலாம். தகடு உள்ளே நெளிந்தால் உறிஞ்சும் குழாயின் வலை அடைபட்டுவிடும்.

நான்காவது: ஊற்றிய ஆயில்

கேனை வாங்கிப் பாருங்கள். 15டபிள்யூ-40 என்ற எண்ணில் பின்னால் இருக்கும் 40 தான் சூடான இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 20 கிரேடு ஆயிலுக்கு அது 6.9 முதல் 9.3 தான், கிட்டத்தட்டப் பாதி. 15டபிள்யூ-40 கேட்கும் பழைய ஜீப்புக்கு, விலை அதிகம், நல்லதாகத்தான் இருக்கும் என்று 0டபிள்யூ-20 ஊற்றினால், இரண்டாம் கியரில் மலை ஏறி சூடான பிறகு ஐடிலிங்கில் விளக்கு மினுக்கும். புது பெட்ரோல் கார்களுக்கு நேர் எதிர். மெல்லிய ஆயிலுக்காகவே செய்த இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றினால் காலைக் குளிரில் மேலே ஏறத் தாமதமாகும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கிரேடுதான் சரி, கடைக்காரரின் கையிருப்பில் இருப்பது அல்ல. சீல் உடையாத கேனை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: சுவிட்சும் ஒயரும்

பல இன்ஜின்களில் பிரஷர் சுவிட்ச் பில்டருக்கு ஒட்டியே இருக்கும். பில்டரைக் கழற்றும் ஸ்பானர் அதில் இடித்திருக்கலாம், ஒயர் நசுங்கி பாடியில் உரசலாம். ஒரே ஒயர் உள்ள சாதாரண சுவிட்சைச் சோதிப்பது எளிது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சுவிட்சில் இருந்து ஒயரைப் பிடுங்குங்கள். விளக்கு அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. அணைந்தால் ஒயர் சரி, சுவிட்சையோ அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வழியாக விளக்கைக் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் இந்தச் சோதனை வேறு மாதிரி காட்டும், அங்கே ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மழை மாதங்களில் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

“சுவிட்ச்தான் போயிருக்கும் அண்ணே, தைரியமா ஓட்டுங்க” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். இருக்கலாம், சுவிட்ச் கெட்டுப்போகும் பொருள்தான். ஆனால் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து அளக்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆறாவது: பம்ப் ஆயிலைப் பிடிக்கவில்லை என்றால்

ஆயிலை வடித்துவிட்டு வண்டியை இரவு முழுக்க அப்படியே போட்டிருந்தால் சில இன்ஜின்களில் பம்ப் காற்றுப் பிடித்துவிடும். அளவு சரியாக இருந்தும், ஒழுகல் இல்லாமலும், முதல் ஸ்டார்ட்டிலேயே விளக்கு அணையாததற்கு இது காரணமாக இருக்கலாம். இன்ஜின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட வேண்டும். பெட்ரோல் காரில் பெட்ரோல் பம்ப்பின் பியூஸை எடுத்துவிடுங்கள். இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ள பழைய டீசல் ஜீப்பில் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி சுற்றுங்கள், அரை நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள், மறுபடி சுற்றுங்கள். சுற்றும்போதே விளக்கு அணைந்தால் ஆயில் மேலே ஏறிவிட்டது. மூன்று, நான்கு தடவையிலும் அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும் இன்ஜின் என்றால் பில்டரைக் கழற்றி, சுத்தமான ஆயிலை நிரப்பி மாட்டிவிட்டு ஒருமுறை முயலலாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது வகையான காமன் ரெயில் டீசலில் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஏழாவது: கேஜ் வைத்து அளப்பது

இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினிலும், நன்றாகச் சூடேறிய பிறகும், ஐடிலிங்கிலும், 3000 ஆர்பிஎம்மிலும் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். கேஜ் நல்ல அளவு காட்டினால் சுவிட்சை மாற்றிவிட்டுக் கிளம்பலாம்.

குறைவாகக் காட்டினால், விளக்கு எரிந்த விதம் துப்புக் கொடுக்கும். ஸ்டார்ட் செய்ததும் சரியாக இருந்து, வேகம் கூடக்கூட அழுத்தம் விழுந்து, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியானால், உறிஞ்சும் வலை அடைபட்டிருக்கிறது. பழைய இன்ஜினில் ஆயில் மாற்றும்போது உள்ளே கழுவும் பிளஷ் ஊற்றியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். பல வருடம் படிந்த கசடு இளகி வந்து வலையில் ஒட்டியிருக்கும். சம்ப்பைக் கழற்றிக் கழுவ வேண்டும். இதற்கு மாறாக, குளிரில் நன்றாக இருந்து, சூடான பிறகு ஐடிலிங்கில் மட்டும் எரிந்து, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைந்தால், பேரிங்கோ பம்ப்போ தேய்ந்திருக்கிறது. புது ஆயில் அந்தத் தேய்மானத்தை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியிருக்கிறது. அடியில் கட்கட் என்று கனமான சத்தமும் சேர்ந்து வந்தால் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது இவற்றைச் சொல்லுங்கள்: எப்போது ஆயில் மாற்றியது, என்ன கிரேடு, எத்தனை லிட்டர், விளக்கு ஸ்டார்ட்டிலா ஏற்றத்திலா வளைவிலா எரிந்தது, சத்தம் இருந்ததா, எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது. கடைசியில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டுமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

சரி செய்த பிறகு

உடனே மலைக்கு விடாதீர்கள். ஐடிலிங்கில் சில நிமிடம் ஓடவிட்டு, விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று பார்த்து, டார்ச் அடித்து பில்டரையும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையே சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டி, மறுபடி பாருங்கள். அதன் பிறகு ஏறலாம். லோயர் கேம்ப்பில் சமமான இடத்தில் ஒதுக்கி, பத்து நிமிடம் விட்டு ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போங்கள், திரும்பி வரும்போது அட்டை காய்ந்திருக்க வேண்டும்.